வகுப்பில் வாசிக்கக் கூடாத சொல், வீட்டில் புழங்கும் சொல்

வேல்ஸில் 2025 செப்டெம்பரில் தொடங்கிய புதிய ஜிசிஎஸ்ஈ ஆங்கிலப் பாடத்திட்டத்தில் ஜோன் ஸ்டைன்பெக்கின் ‘ஒஃப் மைஸ் அண்ட் மென்’ இல்லை. இந்த நாட்டில் பல ஆண்டுகளாகப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பெருவாரியாகப் படித்த புத்தகம் அது. இங்கே பிறந்து, இப்போது முப்பது நாற்பது வயதில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஜோர்ஜும் லெனியும் என்றால் உடனே தெரியும். வேறொன்றும் ஞாபகம் இல்லாவிட்டாலும் முயல்கள் ஞாபகம் இருக்கும்.

அதைப் பட்டியலில் இருந்து எடுத்ததற்குப் பின்னால் இருந்தது, கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் இன்று அதை முழுதாகச் சொல்லாமல் முதலெழுத்தை மட்டும் வைத்து ‘என்-வேர்ட்’ என்கிறார்கள். நாவலில் அது திரும்பத் திரும்ப வருகிறது. வேல்ஸின் சிறுவர் ஆணையாளர் ரோசியோ சிஃபுவெந்தெஸ் 2024 நவம்பரில் இதைப்பற்றிப் பேசினார். அவர் சந்தித்த கறுப்பினப் பிள்ளைகளில் பலர் தாங்களாகவே இந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, வகுப்பில் தங்களுக்கு நேர்ந்த வேதனையைச் சொல்லியிருக்கிறார்கள். பல வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளை என்று ஒரே ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் இருக்கும் அறையில் அந்தச் சொல் உரக்க வாசிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சில பத்திரிகைகள் ‘தடை’ என்ற தொனியில் எழுதின. தடை இல்லை. பரீட்சைக்கான பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ஆசிரியர் விரும்பினால் கீழ்வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கலாம்.

இங்கிலாந்தில் இந்தக் கதை வேறுமாதிரி நடந்தது. மைக்கல் கோவ் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் பாடத்திட்டம் மாறி, 2015 முதல் இருபதாம் நூற்றாண்டு நாவலோ நாடகமோ பிரித்தானியத் தீவுகளில் எழுதப்பட்டதாக இருக்கவேண்டும் என்றானது. அமெரிக்கரான ஸ்டைன்பெக் அதோடு ஜிசிஎஸ்ஈயில் இருந்து போனார். ஹார்பர் லீயின் ‘ரு கில் எ மொக்கிங்பேர்ட்’டும் போனது. அப்போது யாரும் இனவெறிச் சொல்லைப் பற்றிப் பேசவில்லை. புத்தகங்கள் மட்டும் அலுமாரியில் முப்பது முப்பதாக இருந்தன. வாங்கிய புத்தகத்தை எந்தப் பள்ளிக்கூடம் எறியும்? எட்டாம், ஒன்பதாம் ஆண்டு வகுப்புகளுக்கு இறங்கி வந்தன. அப்படித்தான் வால்தம்ஸ்டோவில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் என் மகளின் பைக்குள்ளும் அது வந்து சேர்ந்தது.

பாடம் தொடங்குமுன் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புத்தகத்தில் புண்படுத்தும் சொற்கள் உண்டு, அந்தச் சொல்லை ஆசிரியரோ மாணவரோ வாய்விட்டு வாசிக்க மாட்டார்கள், பெற்றோருக்கு ஏதும் கருத்து இருந்தால் எழுதலாம், அடுத்த ஆண்டு இதே புத்தகத்தைத் தொடர்வதா என்று தவணை முடிவில் தீர்மானிப்போம் என்று. நல்ல கடிதம். எங்கள் காலத்தில் எந்தப் பள்ளி இப்படிக் கேட்டது?

ஆனால் மகள் சொன்ன விஷயம் கடிதத்தில் இல்லை. “அப்பா, அந்தச் சொல் வரேக்க மிஸ் நிப்பாட்டுறா. நிப்பாட்டின உடனே கிளாஸே சைலண்ட். எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பாக்கினம்.” அவள் என்றால் மகளின் சிநேகிதி. கானாவிலிருந்து வந்த குடும்பம். வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். இவள் முன்வரிசையில் இருப்பதால் பார்வை முதலில் இவள் முதுகில்தான் விழுகிறது. சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மௌனத்தை வைத்தால் மௌனம் சொல்லின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது.

சரி, என்னதான் இருக்கிறது என்று நானும் வாசித்தேன். 1937இல் வந்த புத்தகம். நூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு இரவு போதும். கலிஃபோர்னியாவில் பண்ணை பண்ணையாக அலைந்து வேலை செய்யும் கூலிகளின் கதை. அந்தப் பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் குரூக்ஸ், அங்கே இருக்கிற ஒரே கறுப்பினத்தவர். மற்றவர்கள் படுக்கும் கொட்டகைக்குள் அவர் வரக்கூடாது. குதிரைச் சேணங்கள் தொங்கும் அறையில் தனியே இருக்கிறார். குதிரை உதைத்து வளைந்த முதுகு. அந்த அறையில் புத்தகங்கள் இருக்கின்றன, மூக்குக்கண்ணாடி இருக்கிறது, கிழிந்துபோன 1905ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியச் சிவில் சட்டப் புத்தகமும் இருக்கிறது. உரிமை என்று தனக்கு ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு மனிதர் தனியே இருந்து புரட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்டைன்பெக் அதைப்பற்றி மேலே ஒன்றும் சொல்வதில்லை. பொருட்களோடு ஒரு பொருளாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

என்னை உலுக்கியது அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் யார் என்பதுதான். கெட்டவர்கள் மட்டுமில்லை. ஒரு கையை இழந்த நல்ல கிழவர் கண்டி, மனதில் வன்மம் ஏதும் இல்லாமல், உப்பு இருக்கிறதா என்று கேட்பதைப்போலச் சொல்லிவிட்டுப் போகிறார். முதலாளி மகனின் மனைவி, தானே அங்கே மதிப்பில்லாத ஒருத்தி, குரூக்ஸைப் பார்த்து உன்னை மரத்தில் தொங்கவிடச் செய்ய எனக்கு ஒரு வார்த்தை போதும் என்கிற பொருளில் மிரட்டுகிறாள். அந்த மனிதர் அப்படியே சுருங்கிப் போகிறார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது அமெரிக்காக் கதையாகப் படாது. வளவுக்குள் பின்பக்கத்தால் வந்து, வீட்டுக்குள் ஏறாமல், சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போன மனிதர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களை ‘டேய்’ என்று கூப்பிட்டவர்களில் பலர் மற்றபடி நல்ல மனிதர்கள், கோவில் தவறாதவர்கள்.

இருந்தாலும் ஸ்டைன்பெக்கின் புத்தகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆறு அத்தியாயத்தில் குரூக்ஸுக்குக் கிடைப்பது ஒன்று. அவர் அறைக் கதவு திறக்கிறது, கொஞ்சம் பேசுகிறார், அவமானப்படுகிறார், கதவு மூடுகிறது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அது இரக்கம் கற்பிக்கும் பாடமாக இருக்கலாம். கறுப்பினப் பிள்ளைக்கு? தன்னைப்போன்ற ஒருவர் வகுப்புப் புத்தகத்தில் வருவதே இந்த ஒரு தடவைதான், அதுவும் சிறுமைப்படுவதற்காக மட்டும் என்றால், அந்தப் பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

இது என் கற்பனைக் கவலை இல்லை. பெங்குவின் பதிப்பகமும் ரன்னிமீட் அறக்கட்டளையும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தில் ஜிசிஎஸ்ஈ மாணவர்களில் வெள்ளையரல்லாத எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தைப் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பள்ளி செல்லும் வயதினரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளையரல்லாதவர்கள் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. பரீட்சைச் சபைகள் பிறகு புதிய பெயர்களைச் சேர்த்தன. மீரா சயாலின் ‘அனிதா அண்ட் மீ’ அதற்கு முன்பே பட்டியலில் இருந்தது. அதிலும் இனவெறிப் பேச்சு வருகிறது, ஆனால் கேட்கும் காதும் கதை சொல்லும் வாயும் அந்த இந்திய வம்சாவளிச் சிறுமியுடையவை. பட்டியலில் இருந்து என்ன பயன், பள்ளிகள் பெரும்பாலும் எடுத்தது ‘அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’ நாடகத்தைத்தான். அலுமாரியில் அதுதானே முப்பது இருக்கிறது.

சினுவா அச்சேபே 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய ஓர் உரையில் ஜோசப் கொன்ராட்டின் ‘ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்’ நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆபிரிக்காவையும் அதன் மக்களையும் ஒரு ஐரோப்பியன் மனம் சிதைவதற்கான பின்திரையாகப் பாவித்தவர் கொன்ராட் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் புத்தகத்தைத் தடைசெய்யுங்கள் என்று அவர் கேட்டதில்லை. ஆபிரிக்கர்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள் என்பதே அவர் நிலைப்பாடு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சொல்லை மட்டும் அழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் அந்தச் சொல் 219 இடத்தில் வருகிறது. 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் எல்லா இடத்திலும் அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு வெளியிட்டது. செய்த பேராசிரியரின் நோக்கம் நல்லதுதான், பள்ளிகள் புத்தகத்தைக் கைவிடாமல் இருக்கட்டும் என்பது. ஆனால் அடிமை என்பது ஒருவருடைய நிலை. சட்டம் மாறினால் மாறும். அந்த இழிசொல் அவர் விடுதலையான பிறகும் நூற்றைம்பது ஆண்டு அவர் பேரப்பிள்ளைகளின் பின்னால் வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? பெர்சிவல் எவரெட் செய்தது வேறு. அதே கதையைத் தப்பியோடும் ஜிம்மின் வாயால் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலாக 2024இல் எழுதினார். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. ட்வெய்னில் ஒரு எழுத்தைக்கூட அவர் அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு புத்தகத்தை வைத்தார்.

(ஒரு சின்னச் செய்தி: ‘ஹக்கிள்பெரி ஃபின்’ முதன்முதல் 1885இல் ஒரு நூலகத்தில் இருந்து நீக்கப்பட்டபோது காரணம் இனவெறி அல்ல. நடை நாகரிகமில்லாமல் இருக்கிறது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவாது என்றுதான் நீக்கினார்கள்.)

இதெல்லாம் வெள்ளையர், கறுப்பர் விவகாரம், எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். பெட்ஃபோர்ட் றோட் கற்பக விநாயகர் கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கடிதத்தைப்பற்றிப் பேச்சு வந்தபோது அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒருவர் சொன்னார்: “அண்ணை, உந்தத் தேவையில்லாத வேலையள் எங்களுக்கு என்னத்துக்கு? பிள்ளை ஒன்பது எடுத்தாச் சரி.” ஒன்பது என்பது இப்போது இங்கே கிடைக்கும் அதிகூடிய பெறுபேறு. அவர் தேவைக்கு அது நியாயமான பதில். அகதியாக வந்தவன் முதலில் பிள்ளையின் பெறுபேற்றைத்தான் பார்ப்பான்.

ஆனால் நான் 1991இல் இந்த நகரத்துக்கு வந்தவன். வந்த முதல் குளிர்காலத்திலேயே கிழக்கு லண்டனில் பஞ்சாட்சரம் சகிதரன் என்ற தமிழ் அகதி ஒரு கும்பலால் அடிக்கப்பட்டு, 1992 ஜனவரியில் இறந்தார். நாங்கள் தமிழர், பாகிஸ்தான்காரர் இல்லை என்று அடிக்க வருகிறவனுக்கு விளக்க அவகாசம் கிடைக்காது. ‘பாக்கி’ என்ற அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1981 ஜூலையில், இதே வால்தம்ஸ்டோவில் ஒரு தெற்காசியக் குடும்பத்தின் வீட்டுக்கு இரவில் தீ வைக்கப்பட்டுத் தாயும் மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். சொல்லுக்கும் நெருப்புக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

2024 ஓகஸ்ட் 7ஆம் திகதி மாலை ஹோ ஸ்ட்ரீட்டில் இருந்தவர்களுக்கும் இது தெரியும். தீவிர வலதுசாரிகள் குடிவரவுச் சட்ட அலுவலகத்தைத் தாக்க வருகிறார்கள் என்ற செய்தியில் மத்தியானமே கடைகள் பலகை அடித்து மூடின. எங்கள் ஆட்களின் மளிகைக் கடைகளும்தான். பிறகு வந்தது அவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கில் அக்கம்பக்கத்துச் சனம் வந்து வீதியை நிறைத்தது. கறுப்பின மக்கள், பாகிஸ்தானியர், துருக்கியர், வெள்ளையர் எல்லோரும். எங்கள் கடைக்கு முன்னால் நின்றவர்களில் யார் யார் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தச் சிநேகிதி ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது நடந்தது அப்படி. மகளும் அவளும் மேலே படித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவில் இருக்கிற அம்மம்மா வட்ஸ்அப் வீடியோவில் வந்தா. பின்னால் மாடிப்படியில் இறங்கி வந்த பிள்ளையைக் கண்டுவிட்டு, “ஆர் பிள்ளை உது, காப்பிலிப் பெட்டையோ?” என்று கேட்டா. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அடுத்த கேள்வி, “பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுத்தனீங்களோ?” என்பது. மகளுக்குத் தமிழ் பேசுவது கஷ்டம். விளங்குவது நல்லாக விளங்கும். போனை வைத்த பிறகு கேட்டாள்: “அப்பா, அம்மம்மா சொன்னது அந்த வேர்ட் தானே? தமிழில?”

நல்ல கேள்வி. பதில் அவ்வளவு எளிதில்லை.

‘காப்பிலி’க்கு மூலம் அரபியில் இறைநம்பிக்கை இல்லாதவரைக் குறிக்கும் சொல். போர்த்துக்கேயர் வாயில் அது ஆபிரிக்கரைக் குறிப்பதாகி, அவர்களோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அவர்களும் பின்னால் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவந்தவர்களின் சந்ததியினர் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். ‘மஞ்சா’ என்ற அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் பேர்பெற்றவை. அங்கே அது ஒரு சமூகத்தின் பெயர். தென்னாபிரிக்காவிலோ அதே மூலத்தில் பிறந்த சொல் அங்கே சொல்லக்கூடிய ஆகக் கொடிய இழிசொல். 2018இல் கறுப்பினப் பொலிஸாரைப் பார்த்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. லண்டன் சூப்பர்மார்க்கட்டில்கூட அந்தப் பெயரில் இருந்த தாய்லாந்துத் தேசிக்காய் இலைக்கு இப்போது ‘மக்ரூட்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தேசிக்காய் இலைக்கு இருக்கிற கவனம் எங்கள் வீட்டு விறாந்தையில் இல்லை.

அம்மம்மா அதை எந்தச் சரித்திரத்தோடும் சொல்லவில்லை. கண்டி என்ற கிழவரைப்போலத்தான், உப்புக் கேட்பதைப்போல. மகளுக்கு நான் சொன்னது இது: “அம்மம்மாவுக்கு அது வசை எண்டு தெரியாது. ஆனா அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கியிருந்தா நொந்திருக்கும்.” அவள் உடனே, “அப்ப அம்மம்மாவுக்கு ஆராவது சொல்லோணும்,” என்றாள். அடுத்த ஞாயிறு தானே சொன்னாள், பாதி ஆங்கிலத்தில். அம்மம்மா கொஞ்சம் பொறுத்து, “அப்ப என்னெண்டு சொல்லுறது?” என்று கேட்டா. பேரைச் சொல்லலாமே என்றாள் மகள். ஸ்டைன்பெக்கின் புத்தகத்தால் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இது. புத்தகம் பைக்குள் வராமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியும் வந்திருக்காது.

‘காப்பிலி’ ஒன்றுதானா? ‘கறுவல்’ இருக்கிறது. மலையகத்து மக்களைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் சொன்ன ‘தோட்டக்காட்டான்’ இருக்கிறது. சாதிப் பெயர்களையே வசையாக்கி வைத்திருப்பது தனி அகராதி. மறுபக்கத்தில் ‘பற தெமளா’ என்று சிங்களத்தில் எங்களைத் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1983ஐப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தச் சொல்லை நாங்கள் மறைப்பதில்லை. மறைத்தால் கதையே விளங்காது என்று சொல்லியே காட்டுகிறோம். எங்களுக்கு நடந்ததைச் சொல்ல இழிசொல் வேண்டும். நாங்கள் செய்ததைச் சொல்ல வரும்போது மட்டும் ‘பிள்ளைகளுக்கு உதெல்லாம் வேண்டாம்’ என்றாகிவிடுகிறது.

தமிழ் இலக்கியத்திலும் இந்த வழக்கு வந்திருக்கிறது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ என்ற இரண்டு கதைகளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்ற முறைப்பாடு காரணம். இலக்கிய உலகம் கொதித்தது. ‘துன்பக்கேணி’ எங்களுக்கு அந்நியமான கதை இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்ச் சீரழிந்தவர்களின் கதை அது. ‘தோட்டக்காட்டான்’ என்று நாங்கள் யாரைச் சொன்னோமோ அவர்களின் முன்னோர் கதை. புதுமைப்பித்தனின் கோபம் அவர்களை அப்படி ஆக்கியவர்கள் மீது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் அந்தச் சாதிப் பெயரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு, ஆசிரியர் எந்தத் தொனியில் வாசித்தார், பின்வாங்கில் இருந்தவன் எப்படிச் சிரித்தான் என்பதுதான் பாடம். அதைக் கேட்காமல் ‘இலக்கியம் தெரியாதவர்கள்’ என்று முறைப்பாட்டைத் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கதைகளை எடுத்ததையும் ஏற்க முடியவில்லை.

இதோடு 2021 ஓகஸ்டில் டில்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பட்டப்படிப்பில் இருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் நீக்கினார்கள். பாமாவும் சுகிர்தராணியும் தலித் பெண்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியவர்கள். அவர்களை எடுக்கச் சொல்லிப் புண்பட்ட மக்கள் யாரும் கேட்கவில்லை. மேலே இருந்த ஒரு குழு தீர்மானித்தது. வேல்ஸில் பிள்ளைகள் பேசினார்கள். சென்னையில் இழிவுக்கு உள்ளானவர்களின் பேரில் முறைப்பாடு வந்தது. டில்லியில் இழிவைப் பற்றிய பேச்சே சிலருக்கு அசௌகரியமாக இருந்தது. மூன்றையும் ‘புத்தக நீக்கம்’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டுக் கருத்துச் சுதந்திரம் பேசுவது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. எடுக்கச் சொல்லிக் கேட்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதனால் வேல்ஸின் முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில், தனி ஒரு கறுப்பினப் பிள்ளை இருக்கும் வகுப்பில், இரண்டு வருடம் அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வைப்பது கொடுமை. வால்தம்ஸ்டோ அப்படி இல்லை. இங்கே ஒரு வகுப்பில் பத்து நாட்டுப் பிள்ளைகள். பஸ்ஸின் மேல்தட்டில் ஏறினால் அந்தச் சொல் பாட்டிலும் பகிடியிலும் பறக்கிறது. யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குள் பெரிய சட்டமே இருக்கிறது. மகளின் சிநேகிதியின் தாயைப் பள்ளி வாசலில் கண்டு கேட்டேன். பஸ்ஸில் படிப்பதைவிட ஆசிரியரிடம் படிக்கட்டும், ஆனால் என் பிள்ளையைக் காட்சிப்பொருளாக வைத்துப் படிப்பிக்க வேண்டாம் என்றார். நான் எழுத நினைத்த கடிதத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

என் தரப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஆத்திசூடி, திருக்குறள், பாரதியின் பாப்பா பாட்டு எல்லாம் பிள்ளைகள் அழகாக ஒப்புவிப்பார்கள். பிறகு இருபத்தைந்து வயதில் கலியாணம் பேசும்போது “ஊரில எந்தப் பக்கம்?” என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலில் இருந்து சில பக்கங்களையும், யாழ்ப்பாணத்தில் சலூனில் வேலை செய்துகொண்டே எழுத்தாளராகி ‘மல்லிகை’ நடத்திய டொமினிக் ஜீவாவின் ஒரு கதையையும் மேல்வகுப்புக்கு வைக்கலாமா என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டேன். டானியலில் யாழ்ப்பாணத்துச் சாதி வசைகள் அப்படியே வருகின்றன; எழுதியவர் அந்த வசையை வாங்கிய சமூகத்தில் பிறந்தவர். மாவிட்டபுரத்தில் 1968இல் கோவில் கதவு யாருக்குத் திறக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் வேறெங்கே படிப்பார்கள்?

ஒருவர், இங்க பிறந்த பிள்ளையளுக்குச் சாதி எண்டா என்னெண்டே தெரியாது, நாங்கள் ஏன் படிப்பிக்கோணும் என்றார். இன்னொருவர், பெற்றோர் பிள்ளைகளை நிற்பாட்டிவிடுவார்கள் என்றார். ஒரு அக்கா மட்டும், பேசாமல் இருந்தவர், “வையுங்கோ. நான் படிக்கேக்க ஆரும் வைக்கேல்ல,” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த தவணைக்குள் யோசிப்போம் என்று கூட்டம் முடிந்தது. சரி, யோசிக்கட்டும்.

ஆங்கிலப் பள்ளிக்கு நான் எழுதிய பதிலில் நான்கைந்து வரிதான். புத்தகத்தை அடுத்த ஆண்டும் ஒன்பதாம் ஆண்டுக்கு வையுங்கள். சொல்லை வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்பது சரி, ஆனால் முதல் நாளே அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் யாரை அதனால் அழைத்தார்கள் என்று ஒரு முழுப் பாடவேளை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்போது இடையில் வரும் மௌனத்துக்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை குறையும். வகுப்பில் உரக்க வாசிக்காமல் குரூக்ஸின் அத்தியாயத்தை வீட்டில் தனியே வாசிக்கக் கொடுங்கள். அதே தவணையில், அவமானப்படுவதற்காக மட்டும் வராத கறுப்பின மனிதர்கள் இருக்கிற ஒரு புத்தகத்தையும், கறுப்பின எழுத்தாளர் ஒருவர் எழுதியதையே, முப்பது பிரதி வாங்குங்கள். காசு போதாது என்றால் பெற்றோரைக் கேளுங்கள், நான் பத்துப் பிரதிக்குத் தருகிறேன் என்று எழுதினேன்.

ஆங்கிலத்துறையில் இருந்து நன்றி சொல்லிப் பதில் வந்திருக்கிறது. தீர்மானம் தவணை முடிவில். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று மாணவர்களிடமும் கேட்கப்போகிறார்களாம். மகளும் சிநேகிதியும் இப்போதே ஆளுக்கொரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக ஒரு புத்தகமும் இல்லை.